சிக்னலில் நின்றால் கேபினுக்குள் புகை வாடை

நண்பரே, சிக்னலில் நிற்கும்போது மட்டும் டீசல் பிக்கப் கேபினுக்குள் புகை வாடை வருகிறது, ஓடும்போது இல்லை என்கிறீர்கள். அப்படியானால் சைலன்சரின் பின்பகுதியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கசிவு பெரும்பாலும் பானெட்டுக்குள்தான்.

புளோயர் வெளிக்காற்றை இழுக்கும் வாய் முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கத்தில் இருக்கிறது. வண்டி நிற்கும்போது பானெட் இடுக்கு வழியே மேலே வரும் புகையை அது அப்படியே உள்ளே இழுத்துவிடும். காற்றை உள்சுழற்சிக்கு மாற்றிப் பாருங்கள். வாடை குறைந்தால் புகை நுழையும் வழி இதுதான். குறையாவிட்டால் பெடலுக்கு மேலே வயர்கள் நுழையும் ஓட்டைகளில் ரப்பர் கழன்றிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

அப்புறம், காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது டார்ச் அடித்து மேனிஃபோல்டு (இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே விடும் குழாய்), டர்போ (புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் பாகம்), இ.ஜி.ஆர். குழாய் (புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடுவது) சேரும் இடங்களைப் பாருங்கள். கசிகிற இடத்தில் கரி விசிறி மாதிரி படிந்திருக்கும். ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் அடங்கினால் மேனிஃபோல்டு இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டைச் சந்தேகப்படலாம். பலரும் கவனிக்காமல் விடுவது, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் அடியில் கசிவைத் தடுக்க இருக்கும் காப்பர் வாஷரை. அது போனால் இன்ஜெக்டரைச் சுற்றிக் கரி கெட்டியாக இறுகிவிடும், 'சுஸ் சுஸ்' என்று சத்தமும் வரும். தள்ளிப்போட்டால் பிறகு இன்ஜெக்டரைக் கழற்றுவதே பெரும்பாடு.

சரிசெய்யும்வரை இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக் கேபினுக்குள் தூங்கவே தூங்காதீர்கள். டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு பெட்ரோல் புகையைவிடக் குறைவுதான், ஆனால் மூடிய கேபினில் அதுவும் ஆபத்து. ஓட்டும்போது தலைவலியோ தலைசுற்றலோ வந்தால் ஓரங்கட்டிக் கீழே இறங்கிவிடுங்கள்.