ஒரு கையால் சீட்டு வெட்டுவது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன மாதப் பகுதியில், ஒரே கையால் சீட்டுக்கட்டை இரண்டாக்கி மாற்றிப் போடும் வித்தையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்களும் வாட்சப் செய்திகளும் வரும் என்று நினைக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள், ஆலைத் தொழிலாளர்கள், இரண்டு மூன்று அம்மாக்கள், ஓய்வு பெற்ற ஒரு கிராணி என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த மாதம் முழுக்க இந்த ஒரு விஷயம்தான். மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

கேள்வி: வாத்தியார் ஐயா, செம்பனை ஆலையில் இரவு ஷிப்டு பார்க்கிறேன். ஓய்வு நேரத்தில் ஒரு கை வெட்டு பழகுகிறேன். கீழ்ப்பாதி உள்ளங்கையில் விழுந்துவிடுகிறது. அதை ஆட்காட்டி விரலால் மேலே தள்ளும்போது இரண்டு பாதியும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. வேகமாகத் தள்ளினால் எல்லாம் தரையில் சிதறுகிறது. எங்கே கோளாறு? (லாபிஸ், ஜொகூர்)

தம்பி, முதல் முறை கட்டைக் கையில் எடுக்கும் எல்லாருக்கும் நீங்கள் சொல்லும் அந்த இடத்தில்தான் கை நிற்கும். இந்த வெட்டுக்குச் சார்லியே வெட்டு என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் லண்டன் வித்தைக்காரர்களிடையே பேசப்பட்ட சார்லியே என்பவரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் ஒரு கை வேலை பழகுகிறவர்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

கோளாறு தள்ளுவதில் இல்லை, பிடியில் இருக்கிறது. கட்டு உங்கள் உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி இருந்தால் கீழ்ப்பாதி விழுவதற்கு ஆழம் கிடையாது, மேல்பாதி இறங்குவதற்கு வழியும் கிடையாது. சீட்டுக்கட்டை உங்கள் விரல்களின் நுனிக்குத் தூக்குங்கள். இடது கையை வானம் பார்க்க வையுங்கள். ஒரு நீளப் பக்கத்தின் நடுவில் கட்டைவிரல். எதிர் நீளப் பக்கத்தில் நடுவிரலும் மோதிர விரலும். சுண்டுவிரல் உங்கள் உடம்புப் பக்கத்துக் குறுகிய ஓரத்தில் தடுப்பாக நிற்கட்டும். பலர் இந்தச் சுண்டுவிரலை மறந்துவிடுகிறார்கள். அது இல்லையென்றால் சீட்டுகள் பின்பக்கமாக வழுக்கிப் போகும். ஆட்காட்டி விரல் மடங்கி, கட்டின் அடியில் சும்மா இருக்கட்டும். இப்போது உள்ளங்கைக்கும் கட்டுக்கும் நடுவில் நல்ல குழி தெரிய வேண்டும்.

கட்டைவிரலைக் கொஞ்சம் தளர்த்தினால் கீழ்ப்பாதி அந்தக் குழியில் சாய்ந்து விழும். ஆட்காட்டி விரல் அதன் அடியில் போய், விழுந்த ஓரத்தைக் கட்டைவிரலை நோக்கி மேலே ஏற்றும். அது கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும்போதுதான் நீங்கள் சொல்லும் முட்டல் வருகிறது. அந்த நொடியில் தள்ளாதீர்கள். நடுவிரலையும் மோதிர விரலையும் ஒரு நெல் அளவு வெளியே விரியுங்கள். மேல்பாதியின் ஓரம் வழிவிட்டுத் தானாகக் கீழே இறங்கும். அப்புறம் ஆட்காட்டி விரலை எடுத்துவிட்டால் மற்ற பாதி அதன் மேல் மூடிக்கொள்ளும். ஆக, இதில் வேலை தள்ளுகிற விரலுக்கு இல்லை, விலகுகிற விரல்களுக்குத்தான். பெரும்பாலும் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. எல்லாரும் ஆட்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அழுத்தம் எவ்வளவு என்று கேட்பீர்கள். பால்மரம் சீவுகிறவர்கள் பட்டையோடு கத்தியை நிறுத்திக்கொள்வார்கள், உள்மரத்தைத் தொடவிட மாட்டார்கள். அதே போல, சீட்டு விழாமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்தால் சீட்டு வளையும், வளைந்த சீட்டு எதிர்ப்பாதியில் மாட்டும்.

52 சீட்டையும் வைத்து ஆரம்பிக்க வேண்டாம். பாதிக் கட்டோடு தொடங்குங்கள், கை பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டிலில் உட்கார்ந்து மெத்தைக்கு மேலே பழகுங்கள், குனிந்து பொறுக்குகிற வேலை மிச்சம். ரொம்ப முக்கியமாக, வேகம் வேண்டாம். மெதுவாகச் செய்யும்போது எங்கே சிக்குகிறது என்று விரல் சொல்லும். வேகமாகச் செய்தால் அந்தச் சிக்கல் அப்படியே பழக்கமாகிவிடும், பிறகு அதைப் பிரித்தெடுப்பது பெரும் பாடு. இன்னொன்று, இரவு ஷிப்டில் எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பழக வேண்டாம். ஓய்வறையில் உட்கார்ந்து செய்யுங்கள்.

கேள்வி: என் கை ரொம்பச் சின்னது சார். பதினான்கு வயதுப் பெண் நான். கட்டைச் சுற்றி விரல் எட்டவே மாட்டேன் என்கிறது. (கோல கெட்டில், கெடா)

எட்டும், தங்கச்சி. நீ வைத்திருப்பது போக்கர் அளவுச் சீட்டாக இருக்கும், அதன் அகலம் 63.5 மில்லிமீட்டர். பிரிட்ஜ் அளவு என்று ஒன்று கடையில் கிடைக்கும். நீளம் இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் அகலம் 57 மில்லிமீட்டர். அந்த ஆறரை மில்லிமீட்டர் ஒரு கை வேலையில் மிகப் பெரிய உதவி. பிரிட்ஜ் கட்டில் பாதியை எடுத்துப் பழகு. கை வளர வளர மற்றதற்குப் போகலாம். ஒரு வேளை போகவே வேண்டாம். பார்க்கிறவர்கள் யாரும் உன் சீட்டை அளந்து பார்க்கப் போவதில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் சீட்டுகள் நாலே நாளில் உப்பிவிடுகின்றன. டால்கம் பவுடர் போட்டால் சரியாகுமா? (சித்தியவான், பேராக்)

போடாதீர்கள். டால்கம் ஈரத்தோடு சேர்ந்து சீட்டின் மேல் திட்டுத் திட்டாகக் கட்டிக்கொள்ளும். நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்தைக் காகிதம் குடித்துவிடுகிறது, அதனால்தான் உப்புகிறது. பழகி முடித்ததும் கட்டைப் பெட்டியில் போட்டு, இறுக மூடும் பிஸ்கட் டின்னில் வையுங்கள். காலணிப் பெட்டியில் வருமே சிலிக்கா பொட்டலம், அதில் இரண்டையும் உள்ளே போடுங்கள். தொடும் முன்னால் கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். முழுப் பிளாஸ்டிக் சீட்டு ஈரத்துக்கு அசையாது, ஆனால் புதிதாகப் பழகும் கைக்கு அது வழுக்கும். மேலே சின்னச் சின்னக் குழி பதித்த, மெழுகுப் பூச்சுள்ள காகிதச் சீட்டுதான் பழகுவதற்கு நல்லது.

கேள்வி: ஐயா, என் மகன் எப்போது பார்த்தாலும் கையில் சீட்டோடு திரிகிறான். வித்தை என்கிறான். என் அப்பா சம்பள நாள் இரவில் சீட்டாடியே வீட்டை அழித்தவர். எனக்குச் சீட்டைப் பார்த்தாலே வயிறு கலங்குகிறது. இதை விட்டுவிடச் சொல்வதா? (பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்)

அம்மா, நீங்கள் எங்கள் ஊர்க்காரர். உங்கள் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. லயத்துக்குப் பின்னால் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் சம்பளம் எப்படிக் கரைந்தது என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சாவு வீட்டில் விடிய விடிய நடக்கும் ஆட்டத்தில் இன்றைக்கும் பணம் கைமாறுகிறது. அந்த நினைவு உள்ள ஒரு தாய் சீட்டைக் கண்டு கலங்குவதில் தப்பே இல்லை. அதை மகனிடம் மறைக்கவும் வேண்டாம். தாத்தாவின் கதையை அவனுக்கு முழுதாகச் சொல்லுங்கள்.

ஆனால் பறிமுதல் செய்யாதீர்கள். பறித்தால் அவன் வெளியே போய்ப் பழகுவான், அங்கே அவனுக்குச் சொல்லித்தர ஆள் காத்திருப்பான். கூடத்தில் உட்கார்ந்து, உங்கள் கண் முன்னால் பழகட்டும். என்னிடம் கற்க வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: வித்தை தெரிந்த கை காசு வைத்து ஆடக் கூடாது. தீபாவளி நாளில் சொந்தக்காரர்களோடு அஞ்சு காசு வைத்துக்கூட ஆடக் கூடாது. ஜெயித்தால் ஏமாற்றினான் என்பார்கள், அதை இல்லை என்று நிரூபிக்க வழியே கிடையாது. ஏமாற்றினால் அது திருட்டு. இதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. நம் மலேசியாவில் சூதாட்ட விடுதிகளுக்கு எதிராக 1953ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது, அதையும் அவனுக்குச் சொல்லி வையுங்கள்.

இன்றைக்கு இரவே அவனைக் கூப்பிட்டு, "எனக்கு ஒரு வித்தை காட்டு, ஐயா" என்று கேளுங்கள். உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள். அவனுக்கு நீங்கள்தான் முதல் ரசிகையாக இருக்க வேண்டும்.

கேள்வி: ஆலை விபத்தில் வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சின்ன வயதில் தோட்டத்துத் திருவிழாவில் மேஜிக் பார்த்ததிலிருந்தே ஆசை. இடது கை மட்டும் நன்றாக இருக்கிறது. இனிமேல் கற்க முடியுமா, இல்லை மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதானா? (பகாவ், நெகிரி செம்பிலான்)

அண்ணே, உங்கள் கடிதத்தைத்தான் இந்த மாதம் நான் அதிகம் படித்தேன்.

அர்ஜென்டினாவில் ரெனே லாவண்ட் என்று ஒருவர் இருந்தார். 1928இல் புவனஸ் அயர்ஸில் பிறந்தவர். ஒன்பது வயதில் கார் மோதி வலது கையை இழந்தார். இடது கைக்காரர் இல்லை அவர், வலது கைப் பழக்கமுள்ள பிள்ளை. மிச்சம் இருந்த இடது கையால்தான் சீட்டு பழகினார். அந்தக் காலத்தில் வித்தைப் புத்தகங்கள் எல்லாம் இரண்டு கை உள்ளவர்களுக்கு எழுதியவை. அவருக்கு ஏற்றபடி சொல்லித்தர ஆளே இல்லை. ஒவ்வோர் அசைவையும் தன் ஒரு கைக்காக அவரே புதிதாக உண்டாக்கிக்கொண்டார். கலைப்பது, வெட்டுவது, பகிர்வது எல்லாமே அந்த ஒரே கை. பல காலம் மேடை ஏறி, பல நாடுகளில் காட்டி, 2015இல் காலமானார்.

அவருடைய புகழ்பெற்ற வித்தை ஒன்றைச் சொல்கிறேன். சிவப்புச் சீட்டுகளையும் கறுப்புச் சீட்டுகளையும் ஒன்றுவிட்டு ஒன்றாக மேசையில் வைப்பார். திருப்பிப் பார்த்தால் சிவப்பு தனி, கறுப்பு தனி. மறுபடி கலப்பார், மறுபடி பிரிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் முன்னைவிட மெதுவாகச் செய்வார். இதற்கு மேல் மெதுவாகச் செய்ய முடியாது என்று சொல்லிக்கொண்டே இன்னும் மெதுவாகச் செய்வார். ஒரு கைதான் என்பதால் அந்தக் கையை எல்லாரும் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். கவனத்தைத் திருப்ப இன்னொரு கை கிடையாது. அப்படியும் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. வீடியோ இருக்கிறது, பேரப்பிள்ளைகளைத் தேடித் தரச் சொல்லுங்கள். பேச்சு ஸ்பானிஷ் மொழியில் இருக்கும், பரவாயில்லை, கையைப் பார்த்தால் போதும்.

உங்களுக்கு ஓர் இடது கையும், வலதில் இரண்டு விரலும் இருக்கின்றன. மேலே லாபிஸ் தம்பிக்குச் சொன்ன வெட்டு முழுக்க முழுக்க இடது கை வேலை. அதிலிருந்து ஆரம்பியுங்கள். கட்டை எடுத்து இடது கையில் சரியாக உட்கார வைப்பது உங்களுக்கு முதல் சிரமமாக இருக்கும். அதற்கு மேசை மேல் ஒரு தடித்த துணியை விரித்துக்கொள்ளுங்கள், வழுக்காமல் அள்ள முடியும். ஐம்பது வயதில் விரல் முறுக்கு இளம்பிள்ளைகளுக்கு இருப்பதுபோல் இருக்காது, உண்மைதான். ஆனால் இந்த வேலைக்கு முறுக்கு தேவையில்லை, பொறுமை தேவை. அது உங்களிடம் இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. விரல் மூட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வலது கைக்குச் சிகிச்சை தருகிறவர்களிடம் சீட்டுப் பழகுவதைச் சொல்லுங்கள். மிச்சமுள்ள இரண்டு விரலுக்கும் அதையே பயிற்சியாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் இன்னும் மனுச் செய்யவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள், மறுவாழ்வுச் சிகிச்சைக்கும் அவர்கள் உதவுகிறார்கள், மலாக்காவில் அதற்கென்றே நிலையம் இருக்கிறது.

பழகியதும் எனக்கு எழுதுங்கள். சுங்கை சிப்புட் பக்கம் வந்தால் என் வீட்டில் தங்கலாம்.

கேள்வி: வெட்டு நன்றாக வந்துவிட்டது. ஆனால் செய்வதை எல்லாரும் பார்த்துவிடுகிறார்கள். யாருக்கும் தெரியாமல் செய்வது எப்படி? (காப்பார், சிலாங்கூர்)

அழகுக்குக் காட்டும் வெட்டு வேறு, மறைத்துச் செய்யும் வெட்டு வேறு. மறைப்பதில் இதன் பயன் இதுதான்: கட்டைத் திறந்து, எதிரில் இருப்பவர் எடுத்த சீட்டைக் கீழ்ப்பாதியின் மேல் வைக்கச் சொல்கிறோம். வெட்டை முடித்தால் கீழ்ப்பாதி மேலே வந்துவிடும், அவர் சீட்டு கட்டின் உச்சியில் இருக்கும். அவரோ அது நடுவில் இருக்கிறது என்று நினைப்பார்.

இந்த வெட்டைக் கை ஆடாமல் செய்தால் எந்த வேகமும் மறைக்காது. பெரிய அசைவுக்குள்தான் சின்ன அசைவு ஒளியும். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி இன்னொருவரைப் பார்த்துப் பேசும்போது கை தானாகக் கீழே இறங்குமே, அந்த இறக்கத்தில் முடித்துவிடுங்கள். முக்கியமானது உங்கள் கண். நீங்கள் கையைப் பார்த்தால் அவர்களும் கையைப் பார்ப்பார்கள். சீட்டு வைத்தவரின் முகத்தைப் பார்த்து, "நல்லா ஞாபகம் வச்சிக்கிட்டீங்களா?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்ல உங்கள் முகத்தைப் பார்ப்பார், அந்த நேரம் போதும். கண்ணாடி முன்னால் பழகினால் கையையே பார்க்கும் பழக்கம் வந்துவிடும். போனில் வீடியோ எடுத்து, முடித்த பிறகு பாருங்கள்.

கேள்வி: மேல் சீட்டை ஒரே கையால் உள்ளங்கையில் மறைப்பது எப்படி? (கூலிம், கெடா)

வெட்டு கைவந்தவர்கள் மட்டும் இதற்குப் போகவும். வலது கை மேலிருந்து கட்டைப் பிடிக்கும், கட்டைவிரல் உடம்புப் பக்கம், மற்ற விரல்கள் எதிர்ப் பக்கம். சுண்டுவிரல் நுனி மேல் சீட்டின் முன்வலது மூலையைக் கொஞ்சம் வெளியே தள்ளி, பிறகு கீழே அழுத்தும். சீட்டு நெம்பிக்கொண்டு உள்ளங்கைக்கு எழும். முதலில் சுண்டுவிரலுக்குப் பலம் போதாது, மற்ற விரல்கள் உதவிக்கு வரப் பார்க்கும், வரவிடாதீர்கள். சீட்டு உள்ளங்கையில் ஏறியதும் கையை இறுக்கி விறைப்பாக வைக்காமல், விரல்களைச் சேர்த்து, கட்டை அதே கையில் பிடித்தபடியே இருங்கள். உடனே சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோக வேண்டாம். முதலில் கட்டை இடது கைக்கு மாற்றிக் கொடுங்கள், இரண்டு வார்த்தை பேசுங்கள், அப்புறம் போகட்டும்.