ஹாலில் ஓடும் கணினிக்கு ஓசையில்லாத கிராஃபிக்ஸ் கார்டு

கேள்வி: சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் குடியிருக்கிறோம். அலுவலகம் ஒன்றில் கழித்துவிட்ட ஒல்லியான கணினியை (ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5) மலிவாக வாங்கி, ஹாலில் உள்ள 4கே தொலைக்காட்சியுடன் இணைத்திருக்கிறேன். அதே ஹாலில்தான் அம்மா படுத்துறங்குகிறார். யூடியூபில் 4கே காட்சி ஓடினால் படம் விட்டுவிட்டு நகர்கிறது, காற்றாடியும் இரைகிறது. சத்தம் போடாத, மின்சாரத்தை அதிகம் இழுக்காத கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைச் சொல்லுங்கள், ஐயா.
— வாசகர், சுங்கை சிப்புட், பேராக்

பதில்: உங்கள் அம்மாவின் தூக்கத்தைக் கெடுக்கும் காற்றாடியும், விட்டுவிட்டு நகரும் படமும் ஒரே கோளாற்றின் இரண்டு முகங்கள். யூடியூப் 4கே காட்சிகளை விபி9 அல்லது ஏவி1 என்ற முறையில் சுருக்கி அனுப்புகிறது. அவற்றை முழுமையாக விரித்துக் காட்டும் தனிப்பகுதி உங்கள் ஆறாம் தலைமுறைச் சில்லில் இல்லை. விபி9, அதுபோன்ற இன்னொரு சுருக்க முறையான 10 பிட் எச்இவிசி ஆகிய இரண்டையும் முழுதாகக் கையாளும் திறன், 2017இல் மேசைக் கணினிகளுக்கு வந்த ஏழாம் தலைமுறையில்தான் சேர்ந்தது. ஆகவே அந்த வேலையின் பெரும்பகுதி மையச் செயலியின் தலையில் விழுகிறது. அது சூடாகிறது, சூட்டைத் தணிக்கக் காற்றாடி வேகமெடுக்கிறது. ஆக, கார்டு வாங்கும்போது விளையாட்டுக்கான வேகத்தை நீங்கள் பார்க்க வேண்டியதில்லை. எந்தெந்தச் சுருக்க முறையை அது தானே விரிக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பணம் செலவழிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். படம் தடுமாறும்போது யூடியூப் திரையில் வலது சொடுக்கி, நுட்ப விவரங்களைக் காட்டும் கடைசி வரியைத் திறந்தால், கோடெக் (சுருக்க முறை) என்ற இடத்தில் விபி09 என்றோ ஏவி01 என்றோ தொடங்கும் எழுத்துகள் தெரியும். நீங்கள் எந்தக் கார்டை வாங்க வேண்டும் என்பதை அந்த எழுத்துகளே முடிவு செய்யும்.

விபி09 என்றால் என்விடியா ஜிடி 1030 போதும். அது இழுப்பது அதிகபட்சம் 30 வாட். தனி மின்கம்பி தேவையில்லை. காற்றாடியே இல்லாமல், வெப்பத்தைக் கடத்தும் உலோகத் தகடுகளோடு மட்டும் வரும் வகைகளும் உண்டு. முழு 30 வாட்டையும் இழுத்துக்கொண்டு தினம் 4 மணி நேரம் ஓடினாலும் மாதத்திற்கு 3.6 யூனிட்தான் ஆகும். எச்டிஎம்ஐ 2.0 இருப்பதால் 4கே படத்தை விநாடிக்கு 60 சட்டமாக அனுப்பும். உங்கள் கணினியின் வயதையொத்த பல தாய்ப்பலகைகளில் உள்ள எச்டிஎம்ஐ 1.4 துளை 30 சட்டத்தோடு நின்றுவிடும். ஒன்றில் மட்டும் விழிப்பாக இருங்கள்: 2018இல் இதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு மெதுவான வகை ஒன்று வந்தது. பெட்டியில் வேகமான நினைவகமான ஜிடிடிஆர்5 என்று அச்சிட்டிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

ஏவி01 என்றால் ஜிடி 1030 உதவாது. 2022இல் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400 புதியதாயிற்றே என்று பலர் அதை நாடுகிறார்கள். அதுவும் ஏவி1-ஐ விரிக்காது என்பதால், 53 வாட் கொடுத்து அதை வாங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இன்டெல் ஆர்க் ஏ310 விரிக்கும். ஆனால் இன்டெல் அந்த வரிசைக்குப் பத்தாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தியதோ வேண்டும் என்கிறது. உங்கள் கணினிக்கு அது பொருந்தாது. எஞ்சுவது 70 வாட் இழுக்கும் 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050. படம் பார்ப்பதற்கு மட்டும் அவ்வளவு விலை கொடுப்பது எனக்கு வீணாகவே படுகிறது. ஏவி1-ஐத் தடுத்து விபி9-ஐயே கேட்டு வாங்கும் உலாவி நீட்சிகள் (உலாவியில் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்கள்) இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றை நிறுவிக்கொண்டால் ஜிடி 1030-உடனேயே உங்கள் தேவை தீர்ந்துவிடும்.

காற்றாடி இல்லாத கார்டு, பெட்டிக்குள் ஓடும் காற்றை நம்பியே பிழைக்கிறது. தொலைக்காட்சி அலமாரியின் மூடிய தட்டில் கணினியைச் செருகி வைத்தால், நம் ஊர் வெக்கையில் கார்டு கொதித்துப்போகும். முன்னும் பின்னும் ஒரு கையளவு இடைவெளி விடுங்கள். தோட்டச் சாலையின் செம்மண் தூசியையும் மறந்துவிடாதீர்கள். எங்கள் உறவினர் வீட்டுக் கணினியை அண்மையில் திறந்தபோது, செயலியின் உலோகத் தகடுகளுக்கிடையே செந்நிறத் தூசி கம்பளிபோல் படிந்து, காற்று நுழைய வழியே இல்லாமல் கிடந்தது. மென்மையான தூரிகையால் அதைத் துடைத்தெடுத்ததுமே இரைச்சல் பாதிக்குமேல் தணிந்தது. நீங்களும் கார்டு வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

உங்களுடையது ஒல்லியான பெட்டி என்பதால் முழு உயரக் கார்டு உள்ளே நுழையாது. குட்டைக் கார்டுதான் வேண்டும். அதைப் பெட்டியின் பின்புறத்தில் பொருத்துவதற்குரிய குட்டை உலோகப் பட்டையும் கூடவே வருகிறதா என்று கேளுங்கள். காற்றாடியில்லாக் கார்டுகள் சில, வெப்பம் கடத்தும் தகடுகளின் தடிமனால், தாய்ப்பலகையில் கார்டு செருகும் துளைக்குப் பக்கத்துத் துளையின் இடத்தையும் அடைத்துக்கொள்ளும். மூடியைக் கழற்றி, துளைக்குப் பக்கத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை அளவுகோலால் அளந்து, கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.