கடற்கரை வளவும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டும்

மட்டக்களப்பில நொத்தாரிஸ் ஒருவரிட்ட காணி உறுதி (காணிப் பத்திரம்) எழுதியே தலை நரைச்ச ஆள் நான். காணி பற்றிக் கேட்டவங்களுக்கு இஞ்ச பதில்.

கேள்வி: அண்ணன், நான் சுவிஸ் சிட்டிசன் எடுத்திட்டன். கல்லடியில கடலோரம் பத்துப் பேர்ச் வாங்கேலுமா?

பதில்: இலங்கைக் குடியுரிமை போயிட்டா ஏலா தம்பி. 2014 ஆம் ஆண்டு 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பேருக்குக் காணி மாத்தேலா. கல்லடியில பிறந்திருந்தாலும் அந்தச் சட்டத்துக்கு நீங்க வெளிநாட்டவர்தான். இரட்டைக் குடியுரிமை கிடைச்சா தடை இல்ல. அது கைக்கு வந்த பிறகு அட்வான்ஸ் குடுங்க. மாறிச் செய்துபோட்டு அந்தரப்பட்டவங்களைக் கண்டிரிக்கன்.

கேள்வி: அறுகம்பேக்கு சர்ஃபிங் வாற ஜேர்மன் கூட்டாளி காசு போடுறாராம், காணி என்ட பேரில. எங்களுக்குள்ள ஒரு கடதாசி எழுதினாக் காணுமா?

பதில்: காணாது. பொத்துவில் பக்கமிருந்து கூட வாற கேள்வியே இதுதான். காணி விஷயத்தில நொத்தாரிசும் ரெண்டு சாட்சியும் இல்லாத எழுத்துக்கு 1840 ஆம் ஆண்டிலிருந்தே சட்டத்தில மதிப்பில்ல. நொத்தாரிசிட்டப் போனாலோ, வெளிநாட்டவர் பேருக்கு மாத்துற உறுதி செல்லாது. நாளைக்கு உங்களுக்கு ஒண்டு நடந்தா, காணி உங்கட பெண்சாதி பிள்ளைகளுக்குத்தான். அந்த மனிசன் ஆரிட்டப் போய்க் கேட்கிற? கம்பனி திறந்து வாங்குவம் எண்டும் சிலர் வருவாங்க. தனியார் கம்பனியில வெளிநாட்டுப் பங்கு 50 வீதத்தைத் தொட்டா அதுக்கும் தடைதான்.

நேர்வழி குத்தகை. வெளிநாட்டவருக்கு 99 வருஷம் வரைக்கும் எழுதலாம். நொத்தாரிஸ் முன்னால எழுதி, காணிப் பதிவகத்தில பதிய வேணும். காசு வங்கியில, வெளிநாட்டுக் காசை இஞ்ச முதலீடு செய்யத் திறக்கிற உள்முக முதலீட்டுக் கணக்கு வழியா வந்தா, திருப்பி எடுத்துப் போறதும் லேசு. அதுக்கு முதல் காணி தனியாருக்குச் சொந்தமான உறுதிக் காணியா, பெர்மிட் காணியா எண்டு பாருங்க. பெர்மிட் எண்டா அரச காணி. பிரதேச செயலாளரைத் தாண்டி ஒண்டும் செய்யேலா. 'பெர்மிட்டும் உறுதி மாதிரித்தான்' எண்டு புரோக்கர் சொன்னா, தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்பி வாங்க.

கேள்வி: மகள் கனடா சிட்டிசன். என்ட வீட்டுவளவை அவளுக்குச் சீதனமா எழுதலாமா?

பதில்: எழுதலாம் அக்கா. சட்டப்படி உங்கட முதுசம் சேரக்கூடிய நெருங்கின உரித்தாளிக்கு நன்கொடையா எழுதத் தடை இல்ல. பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு குடுக்கிற நம்மட வழக்கத்துக்கு இந்த விலக்கு நல்லாப் பொருந்துது. மருமகனும் வெளிநாட்டுச் சிட்டிசன் எண்டா அவர் பேரைச் சேர்க்காதீங்க. அவர் உங்களுக்கு உரித்தாளி இல்ல.

கேள்வி: கடலுக்கு எவ்வளவு கிட்டக் கட்டலாம்?

பதில்: உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அதுக்குள்ள கட்ட கரையோரம் பேணல் திணைக்களத்தின்ட அனுமதி வேணும். கடலிலிருந்து எவ்வளவு விடவேணும் எண்டது இடத்துக்கு இடம் மாறும். பாசிக்குடாவில விட்ட அளவை நாவலடியில கேட்டு வாதாடேலா. சித்திரையில வந்து பார்த்த வளவை, அட்வான்ஸ் குடுக்க முதல் மார்கழி மழைக்குள்ளயும் ஒருக்கா வந்து பாருங்க.