அய்யனார் கோயில் காட்டுக்குப் போகும்போது

கேள்வி: தீபாவளி கழித்துப் பிள்ளைகளோடு காரைக்குடி வருகிறோம். கோயில் காடு ஒன்றைப் பார்க்க ஆசை. எப்படிப் போவது, என்ன பார்க்கலாம்?
– வாசகி, மதுரை

பதில்: காலை 6.30 மணிக்குள் போய்விடுங்கள். முதலில் பூசாரியையோ ஊர்ப் பெரியவரையோ கேளுங்கள். செருப்பை எந்த இடத்தில் விடுவது, எதுவரை போகலாம் என்பது ஊருக்கு ஊர் மாறும். பல காடுகளில் விழுந்த சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது. அந்தக் கட்டுப்பாடுதான் இவ்வளவு காலம் மரங்களைக் காத்தது.

மழை குறைந்த இந்தச் சீமையிலும் இக்காடுகள் ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும். தடித்த, மெழுகு பூசியது போன்ற இலைகள் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்வதே காரணம். உலக்கைப் பாலை மரத்தின் இலை நுனி உள்வாங்கிப் பிளந்திருக்கும். வீரையின் அடிமரம் முறுக்கிய கயிறு போல வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். இந்த அடிமரத்தைத் தேடிப் பாருங்கள், அவ்வளவு அழகு! பாலைப்பழம் மட்டும் இப்போது கிடைக்காது, கோடையில்தான்.

முழுக்கால்சட்டை அவசியம். சூரைச் செடியின் முள் கொக்கி போல வளைந்தது. மாட்டினால் முன்னால் இழுக்காதீர்கள், ஒரு அடி பின்வாங்கினால் தானே விடும். சருகுக்குள் விரியன் பாம்பு கிடக்கும். பிள்ளைகள் அதில் கைவிட வேண்டாம். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள்.

புரவிச் (குதிரைச்) சிலைகள் மீது பிள்ளைகளை ஏற்றாதீர்கள். சுடுமண், உடைந்துவிடும்.