அம்மாவின் புடவைகளை வெட்டலாமா? கில்ட் தைக்கத் தொடங்கும் ஒருவருக்கு

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. கில்ட் என்னும் ஒட்டுத்துணிப் போர்வை தைக்க ஆசைப்பட்டு இணையத்தில் ஒரு கில்டிங் கிட் வாங்கினேன். சின்னச் சின்னச் சதுரங்களைச் சேர்த்துத் தைத்தால் மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தவே மாட்டேன் என்கின்றன. அலுத்துப்போய் எடுத்து வைத்துவிட்டேன். மறைந்த என் அம்மாவின் சுங்குடி, செட்டிநாட்டுப் புடவைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. சில பட்டும் உண்டு. வெட்டலாமா, மனசு வரவில்லை. எங்கள் அடுக்ககத்தில் ஐந்தாறு பெண்கள் "எங்களையும் சேர்த்துக்கோங்க" என்கிறார்கள். எப்படி நடத்துவது? நல்ல மிஷின் ஒன்று வாங்கிவிட வேண்டுமா?

பதில்: கிட்டை இப்போதைக்கு அலமாரியிலேயே இருக்க விடுங்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதைப் போலக் கடுப்பேற்றும் வேலை வேறு இல்லை. காரணம் கால் இஞ்ச். அந்த வகைக் கில்டில் எல்லாத் தையலும் துணியின் ஓரத்திலிருந்து சரியாகக் கால் இஞ்ச் உள்ளே ஓட வேண்டும். தைத்தபின் 2 இஞ்ச் வரவேண்டிய சதுரத்தை 2.5 இஞ்சாக வெட்டியிருப்பார்கள். ஒரு வரிசையில் மூன்று சதுரம் என்றால் இரண்டு தையல், நான்கு ஓரம். ஒவ்வோர் ஓரத்திலும் உங்கள் கை ஓர் இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடித்துவிட்டால், வரிசை முடியும்போது முழுசாகக் கால் இஞ்ச் குறைந்திருக்கும். அடுத்த வரிசையில் கொஞ்சம் குறைவாகப் பிடித்திருப்பீர்கள். பிறகு மூலைகள் எப்படிச் சேரும்? ரவிக்கை தைத்துப் பழகியவர்களுக்கே இது தகராறுதான். ரவிக்கையில் இந்த வித்தியாசத்தை உடம்பு பொறுத்துக்கொள்ளும். சதுரம் பொறுத்துக்கொள்ளாது.

நீங்கள் இருப்பது கர்நாடகத்தில். மூலை சேர வேண்டிய கவலையே இல்லாத ஒரு தையல் முறை அங்கேயே, உத்தர கன்னட மாவட்டத்தின் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் இருக்கிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி அது. வட கர்நாடகத்தில் மற்றவர்கள் தைக்கும் பழந்துணிப் போர்வைக்குக் கௌதி என்று பெயர், மகாராஷ்டிரத்தில் கோதடி. நம் ஊரிலும் பழைய நூல் புடவையை நான்காக மடித்து ஓட்டித் தைத்துக் குழந்தைக்குப் படுக்கையாகப் போட்ட பாட்டிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: மெல்லிய பழந்துணிகள் பல அடுக்கு, அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டுத் தையல். நடுவே பஞ்சு வைக்க வேண்டியதில்லை. டெல்லிக் குளிருக்குப் பஞ்சு ரஜாய் வேண்டும். பெங்களூருவில் டிசம்பர், ஜனவரி ராத்திரிக்கு நான்கு அடுக்கு நூல் புடவை தாராளம்.

கவந்தியின் அழகே அது போகும் வழியில்தான். மேலை நாட்டுக் கில்டில் மேல்துணியை முழுதாகத் தைத்து முடித்து, அடுக்குகளை வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்துப் போவார்கள். இங்கே தலைகீழ். அடித்துணியைத் தரையில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி உள்ளே வருவார்கள். ஒட்டுத்துணிகளை அப்போதைக்கப்போது கையில் வருவதிலிருந்து எடுத்து, விளிம்பை உள்ளே மடித்து வைத்து, எல்லா அடுக்கையும் சேர்த்து ஊசி ஓட்டுவார்கள். துணியைச் சேர்ப்பதும் போர்வையைத் தைப்பதும் ஒரே வேலை. கடைசியில் நான்கு மூலையிலும் மடித்த சின்ன முக்கோணங்களைச் செருகித் தைப்பார்கள். அதற்கு ‘பூலா’, அதாவது பூ என்று பெயர். அது இல்லாத போர்வை உடுத்தாமல் நிற்பது மாதிரி என்பது அவர்கள் எண்ணம்.

முதல் உருப்படியைப் போர்வையாக நினைக்காதீர்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஒரு திண்டு உறை அளவு போதும். அடியில் கெட்டியான ஒரு நூல் துணி, நடுவில் பழம்புடவை இரண்டு மடிப்பு. ஒரு சாணுக்கு ஒரு வரி என்று பெரிய தையலாகப் போட்டு மூன்றையும் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பழகிய கைகள் இதைச் செய்வதில்லை, உங்களுக்கு வேண்டும். ஓரத்திலிருந்து உள்ளே போகும்போது துணி நடுவை நோக்கித் தள்ளப்படும். அடித்துணியை அடிக்கடி தரையில் வைத்து நீவிவிடாவிட்டால் கடைசியில் நடுவே ஒரு அப்பளம் உப்பிக்கொண்டு நிற்கும். ஒட்டு ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் அரை இஞ்சாவது ஏறட்டும். தையல் வரிகளுக்கு இடையே ஒரு விரல் அகலம். இஞ்சுக்கு ஐந்து தையல் வந்தால் நல்ல கணக்கு. சின்னதாக இருப்பதைவிட ஒரே சீராக இருப்பது முக்கியம். நூல் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை, சுமார் 18 இஞ்ச், அதற்குமேல் வேண்டாம். நீள நூல் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். சிக்கெடுப்பதிலேயே பாதி நேரம் போகும். தைக்கத் தைக்கத் துணி சுருங்கும், ஆகவே முடியும்போது ஒன்றரை அடி இருக்காது. அதனால் திண்டை முன்கூட்டி வாங்கிவிடாதீர்கள்.

சர்க்கரை நோய் இருந்து விரல் நுனியில் உணர்ச்சி குறைவாக இருப்பவர்கள் ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் திம்பிள் இல்லாமல் உட்காரவே கூடாது. அடியில் ஊசியை வாங்கும் கைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி புடவை. வெட்டலாம். ஆனால் எல்லாவற்றையும் அல்ல, இன்றைக்கும் அல்ல. முதலில் ஒவ்வொன்றையும் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பின்பக்கம் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடம் வெளிச்சத்தில் சல்லடையாகத் தெரியும்; அந்தப் பாகம் நடு அடுக்குக்குப் போகும். முந்தானையும் கரையும் பெரும்பாலும் திடமாக இருக்கும். அவை மேலே வரட்டும். சந்தேகமான இடத்தில் இரண்டு கையாலும் லேசாக இழுங்கள். நூல் விலகினால் சமாளிக்கலாம், கிழிந்தால் தையல் நிற்காது.

அடுத்தது சாயம். சுங்குடியும் செட்டிநாட்டுச் சிவப்பும் எத்தனை வருஷம் ஆனாலும் சாயம் விடக்கூடியவை. ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் அழுத்தித் தேயுங்கள். நிறம் ஒட்டினால், தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசிக்கொண்டே இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். ஏற்கெனவே சாயம் ஏறிய துணியில் உப்பு எதையும் நிறுத்தாது. அலசுவதுதான் வேலை செய்கிறது. நாலைந்து அலசலுக்குப் பிறகும் சிவப்பு வந்துகொண்டே இருந்தால், அந்தப் புடவையை வெளிர்நிறத்தோடு சேர்க்காதீர்கள்.

பட்டுப் புடவைகளை இப்போது தொடாதீர்கள். பழைய பட்டு, வருஷக்கணக்காக மடித்த மடிப்பிலேயே வெடிக்கும். பீரோவில் அசையாமல் இருந்ததுதான் பெரும்பாலும் அதிகம் கெட்டிருக்கும். நான்கு மாதம் கை பழகியபின், மல்மல் துணியைப் பின்னால் வைத்து, மெல்லிய ஊசியால், சுவரில் தொங்கவிடும் சின்ன உருப்படியாகத் தையுங்கள். துவைக்கும் போர்வையில் பட்டும் ஜரிகையும் நூல் துணியும் கலந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு சுருங்கி, சில சலவையில் எல்லாம் இழுத்துக்கொள்ளும். மனசு வராத புடவை ஒன்றிரண்டு இருந்தால், வெட்டாமலே அடித்துணியாக்குங்கள். ஆறு கெஜத்தை மூன்றாக மடித்தால் 72 இஞ்ச் நீளம், புடவையின் முழு அகலம். ஒருவர் போர்த்திக்கொள்ளப் போதும், கத்தரி படவே வேண்டாம்.

புதுத் துணி வேண்டுமென்றால் சிக்கப்பேட்டை. ஆனால் அதற்குமுன் உங்கள் தையல்காரரிடம் வெட்டுத்துணி கேளுங்கள். பெரும்பாலும் மூட்டையாகவே தருவார். அதில் பாதி பாலியஸ்டராக இருக்கும். ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள்: காகிதம் எரியும் வாசனையும் சாம்பலும் என்றால் பருத்தி, உருகிக் குண்டுமணியாகத் திரண்டால் ஒதுக்கிவிடுங்கள். இஸ்திரிப் பெட்டி அதைத் தாங்காது.

உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் பிடித்தது அந்த ஐந்தாறு பெண்கள்தான். சேர்ந்து உட்கார்ந்து தைப்பதென்றால் கைத்தையல் மட்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மிஷின் வந்தால் பிளக் பாயிண்டைத் தேடி ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள், சத்தத்தில் பேச்சும் போய்விடும்.

இரண்டாவது, எதைப் பொதுவாக்குவது, எதை விட்டுவிடுவது. குழுக்கள் உடைவது இங்கேதான். நிறம் இன்னதாக இருக்க வேண்டும், பூ வேண்டும், கட்டம் வேண்டும் என்று ஒருவர் தீர்மானித்தால் மற்றவர்கள் கூலிக்குத் தைப்பதுபோல் ஆகிவிடும். ஒன்றுமே தீர்மானிக்காவிட்டால் கடைசியில் சேர்க்க முடியாத ஆறு துண்டுகள் மிஞ்சும். அளவை மட்டும் பொதுவாக்குங்கள். எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக அமெரிக்காவில் தைக்கப்பட்ட நினைவுக் கில்டை இதற்கு உதாரணமாகச் சொல்வேன். 1987 அக்டோபரில் வாஷிங்டனில் முதன்முறை விரித்தபோது அதில் 1,920 பலகங்கள் இருந்தன. பிற்பாடு சுமார் 50,000 ஆயின. ஒருவரையொருவர் அறியாதவர்கள் தைத்தவை. ஒரு பலகம் 3 அடிக்கு 6 அடி என்ற அளவுதான் எல்லோருக்கும் பொது. சிலர் சட்டையை வைத்துத் தைத்தார்கள், சிலர் பொம்மையை. ஆனாலும் அது ஒரே கில்டாக நின்றது.

உங்கள் ஆறு பேருக்குக் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு இரண்டு சதுரம், 13 இஞ்ச் அடித்துணி. ஓரத்தில் முக்கால் இஞ்ச் நூல் ஓடாமல் விடச் சொல்லுங்கள், அந்த ஓரத்தை மடிக்கவும் வேண்டாம். உள்ளே அவரவர் இஷ்டம். எல்லாம் வந்ததும் 12 இஞ்ச் அட்டை ஒன்றை வைத்து ஒரே ஆள் வெட்ட வேண்டும். ஒருவர் இறுக்கித் தைத்திருப்பார், ஒருவர் தளர்த்தியிருப்பார்; அந்த வித்தியாசத்தை இந்த அட்டை விழுங்கிவிடும். பிறகு சதுரங்களுக்கு நடுவே ஒரே நிறத்தில், தைத்தபின் 2 இஞ்ச் தெரியும்படி பட்டை. முன்னும் பின்னுமாக இரண்டு பட்டை வைத்து ஒரு பக்கம் ஓட்டி, மறுபக்கம் ஹெம்மிங். சதுரத்தின் ஒவ்வோர் ஓரத்திலும் தையலுக்கு அரை இஞ்ச் போக, மூன்றுக்கு நான்காக அடுக்கி, சுற்றிலும் 2 இஞ்ச் கரை கட்டினால் 41-க்கு 54 இஞ்ச் வரும். சோபாவில் மடியில் போட்டுக்கொள்ள நல்ல அளவு.

அடுத்தவர் தையலை அவர் போனபின் பிரித்துச் சரியாகத் தைத்து வைப்பது குழுவுக்குள் நடக்கவே கூடாது. நல்லெண்ணத்தோடு செய்தாலும் அவர் அடுத்த வாரம் வரமாட்டார். கேட்டால் சொல்லிக்கொடுங்கள், கேட்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு உங்கள் ஊசியைக் கோர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அடுக்ககத்தில் வேலைக்கு வரும் அம்மாக்களிடம் பேசிப் பாருங்கள். வட கர்நாடகத்திலிருந்து வந்தவர் யாராவது இருந்தால் அவருக்குக் கௌதி தைக்கத் தெரிந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தெரிந்திருந்தால், அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர்தான் டீச்சர். நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், கூலியும் கொடுங்கள். "அக்கா, சும்மா கொஞ்சம் காட்டுங்க" என்று இலவசமாக வாங்கிக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. அதை இங்கே கொண்டுவர வேண்டாம். அதேபோல் கவந்தி முறையில் தைத்ததை நாளைக்கு விற்பனைக்கு வைக்கத் தோன்றினால், முறை யாருடையது என்று சொல்லி வையுங்கள்.

முதல் உருப்படி முடிந்து அதை வாட்ஸ்அப்பில் போட்டதும் "எனக்கும் ஒண்ணு" என்று கேட்பார்கள். துணிக்கு என்ன விலை என்றுதான் கேட்பார்கள், யாரும் உங்கள் மாலைப் பொழுதுகளைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். "வாங்க, உங்க துணியைக் கொண்டுவாங்க, சேர்ந்து தைப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் நழுவிவிடுவார்கள், மீதிப் பேர் குழுவில் சேர்ந்துவிடுவார்கள். பேரன் பேத்திக்குத் தைப்பதென்றால் ஒரு எச்சரிக்கை: ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும்போது தளர்ந்த போர்வை எதுவும் கூட இருக்கக் கூடாது என்பதுதான் குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. தரையில் விரித்து, விழித்திருக்கும்போது விளையாட விடலாம்.

கடைசியாக மிஷின். இப்போது வேண்டாம். சதுரங்களை இணைக்கும் பட்டைக்கு, யார் வீட்டிலாவது இருக்கும் பழைய கால்மிஷினே போதும். நேர்த்தையல் ஒழுங்காக விழுந்தால் சரி. ஒரு வருஷம் கழித்தும் ஆசை குறையாமல், அந்தக் கிட்டைத் திரும்ப எடுக்கத் தோன்றினால் அப்போது பார்க்கலாம். வாங்கும்போது அடுக்குத் துணியை மேலேயும் கீழேயும் ஒரே வேகத்தில் நகர்த்தும் வாக்கிங் ஃபுட் அதில் பொருந்துமா என்று மட்டும் கேளுங்கள். நூறு பூத்தையல் வரும் என்று கடைக்காரர் காட்டுவதில் மயங்க வேண்டாம். அதுவரை அந்தப் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து ஒரு நல்ல மேஜை விளக்கும் ஒரு நல்ல கத்தரிக்கோலும் வாங்குங்கள். கத்தரியின் பிடியில் ஒரு துணியைக் கட்டி வையுங்கள், பால் பாக்கெட் வெட்ட யாரும் எடுத்துப் போகாமல் இருக்க.