அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள பீனிக்ஸ் நகரைச் சுற்றிப் புறநகர் வீடுகள் பெருகுவதால் அங்குள்ள பாலைவனத்துக்கு உண்மையில் என்ன கெடுகிறது? வெறும் மணல்தானே?

மணல் என்று நினைத்தால் கணக்கு தொடக்கத்திலேயே தப்பிவிடும். பீனிக்ஸ் இருப்பது சோனோரன் பாலைவனத்தில். ஆண்டு மழை சுமார் 180 மி.மீ. குளிர்காலத்தில் மெல்லிய மழையாகக் கொஞ்சம், ஜூலை முதல் செப்டம்பர் வரை இடிமழையாகக் கொஞ்சம். இப்படி இரண்டு பருவத்திலும் மழை கிடைப்பதால்தான் அங்கே பாலோ வெர்டே, அயர்ன்வுட், மெஸ்கிட் என்று மரங்களும், 40 அடிவரை உயரும் சகுவாரோ கள்ளியும் நிற்கின்றன. மணல்மேடு அந்தப் பக்கம் அபூர்வம்.

எந்த நிலத்தில் கட்டுகிறார்கள் என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சாண்ட்லர், கில்பர்ட் போன்ற இடங்களில் பெரும்பாலான வீடுகள் பருத்தியும் ஆல்ஃபால்ஃபா என்ற தீவனப்பயிரும் விளைந்த வயல்களின் மேல் எழுந்தவை. அங்கிருந்த பாலை உழவு வந்தபோதே போய்விட்டது. ஒரு ஏக்கர் ஆல்ஃபால்ஃபா குடிக்கும் தண்ணீரைவிட ஒரு ஏக்கர் வீடுகளுக்குக் குறைவாகவே போதும் என்பதால், அந்த மாற்றத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வடக்கு ஸ்காட்ஸ்டேல், கேவ் க்ரீக், பக்கை நகரின் மேற்கு ஓரம் இவற்றின் கதை வேறு. அங்கே கைபடாத பாலை நேரடியாக மனையாகிறது. பக்கையில் வரும் டெராவாலிஸ் திட்டம் மட்டுமே சுமார் 37,000 ஏக்கர். முழுதாகக் கட்டி முடித்தால் ஒரு லட்சம் வீடுகள். ஒரு குடியிருப்பு எந்த வகை என்று தெரிய வேண்டுமா? பீனிக்ஸ் அடங்கிய மாவட்டமான மாரிகோபா கவுண்டியின் இணையதளத்தில் பழைய வான்படங்கள் உண்டு. நேர்கோடுகளாகச் சால் தெரிந்தால் வயல். பின்னல் பின்னலாகக் கோடுகள் ஓடினால், அவை வறண்ட ஓடைகள், அது பாலை.

பாலையில் கட்டும்போது பெரிய சேதம் சுவர் எழும்புவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. நிலத்தைச் சமன்படுத்தும் கட்டம்தான் அது. பெரிய லேஅவுட்டில் வேலை இந்த வரிசையில் போகும்: புல்டோசர் செடிகொடிகளைச் சுரண்டித் தள்ளும். ஸ்கிரேப்பர் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டும். லாரியில் வரும் தண்ணீரைத் தெளித்து, ரோலர் ஓட்டி, ஆய்வகத்தில் அந்த மண்ணுக்குக் கிடைத்த உச்ச அடர்த்தியில் 95 சதவீதம்வரை மண்ணை இறுக்குவார்கள். வீட்டுத் தளத்துக்கு அந்த இறுக்கம் அவசியம். ஆனால் கனரக வண்டிகள் வீடு நிற்கும் இடத்தோடு நின்றுகொள்வதில்லை. கொல்லைப்புறமும் ஏறத்தாழ அதே கெட்டிக்கு வந்துவிடும். பிறகு குடிவந்தவர் செடி வைக்கக் கடப்பாரை போட்டால் 'டங்' என்று திரும்புகிறது. அதற்குக் காலீச்சி மேல் பழி போடுவார்கள். காலீச்சி என்பது சுண்ணாம்பு படிந்து இறுகிய இயற்கைப் படுகை, அதுவும் பல இடங்களில் உண்டுதான். ஆனால் மேலே ஓரடிக்குள் கடப்பாரை நின்றால் பெரும்பாலும் ரோலர் செய்த வேலை.

இதில் தொலைவது மண்ணின் மேல்தோல். கன்னிப் பாலையில் பல இடங்களில் கூழாங்கற்கள் ஒன்றோடொன்று பொருந்தி ஒரு கல் அடுக்காகப் படிந்திருக்கும். அதன் கீழே நுண்துளைகள் நிறைந்த மாவு போன்ற வண்டல். வேறு இடங்களில் நீலப்பச்சைப் பாசி, பூஞ்சை, லைக்கன் சேர்ந்து மண்துகள்களைப் பிணைத்த கறுத்த பொருக்கு இருக்கும். காற்றில் புழுதி எழாமல் தடுப்பது இந்த இரண்டும்தான். கல் அடுக்கு உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். பொருக்கு மீளவே பல பத்தாண்டுகள். 1942 முதல் 1944 வரை ஜெனரல் பேட்டன் தொடங்கிய பயிற்சி முகாம்கள் கலிபோர்னியா, அரிசோனா பாலைவனங்களில் இயங்கின. அப்போது ஓடிய டாங்கிகளின் தடம் இன்னும் சில இடங்களில் அப்படியே இருக்கிறது.

தோல் உரிந்ததும் புழுதி கிளம்பும். மாரிகோபா கவுண்டியில் 0.1 ஏக்கருக்கு மேல் மண்ணைக் கிளறினாலே புழுதிக் கட்டுப்பாட்டு அனுமதி வாங்க வேண்டும். எழும் புழுதி 20 சதவீதத்துக்கு மேல் பார்வையை மறைக்கக் கூடாது. வேலை நடக்கும் நாளில் தண்ணீர் லாரி ஓடுவதால் பெரும்பாலும் சமாளித்துவிடுகிறார்கள். மண்ணை இளக்கிப்போட்டுவிட்டுப் பணமில்லாமலோ சந்தை படுத்தோ வேலை நின்றுபோன மனைகள்தான் தலைவலி. அந்த மண்ணில் காக்சிடியாய்ட்ஸ் என்ற பூஞ்சையும் இருக்கலாம். அதன் வித்துகள் மூச்சில் போனால் வருவது 'வேலி ஃபீவர்'. பலருக்குச் சளிக்காய்ச்சல் போல வந்து போகும், சிலருக்கு நுரையீரலையே பிடித்துக்கொள்ளும். அரிசோனாவில் பதிவாகும் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் மாரிகோபா, பீமா, பினால் என்ற மூன்று கவுண்டிக்காரர்கள். அங்கே போய் ஒரு மாதத்துக்குள் இருமல் விடாமல் பிடித்தால் மருத்துவரிடம் இந்தப் பெயரை நீங்களே எடுத்துச் சொல்வது நல்லது.

அடுத்த அடி ஓடைகளுக்கு. ஆண்டில் சில நாட்கள் மட்டும் தண்ணீர் ஓடும் இந்தக் காட்டோடைகளை ஒட்டித்தான் மரங்கள் அடர்த்தி. பறவையும் விலங்கும் நடமாடும் பாதையும் அதுதான். லேஅவுட் போடுபவர்களுக்கு அது வளைந்து நெளிந்து மனைகளைக் கெடுக்கும் கோடு. அதனால் நேராக்கிக் கான்கிரீட் கால்வாயாக்குவார்கள், அல்லது மூடிவிட்டு மழைநீர்த் தேக்கக் குழி வெட்டுவார்கள். அங்குள்ள பொதுவான விதி, நூறாண்டுக்கொரு முறை எதிர்பார்க்கும் இரண்டு மணி நேரப் பெருமழையின் நீரை உள்ளேயே தேக்கி, 36 மணி நேரத்துக்குள் வடியவிட வேண்டும் என்பது. வெள்ளத் தடுப்புக்கு நல்ல விதிதான். ஆனால் மேலே தேங்கிய தண்ணீர் கீழே உள்ள ஓடைக்குப் போகாது. லேஅவுட்டின் வேலிக்கு வெளியே, யாரும் தொடாத நிலத்தில் அயர்ன்வுட் மரங்கள் சில ஆண்டுகளில் நுனியிலிருந்து காய்ந்துவருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உள்ளேயும் சிக்கல் வரும்: குழியின் அடியில் மென்வண்டல் படிந்து, நீரை உறிஞ்சக் குழாய்க்கிணறு போல் இறக்கியிருக்கும் துளை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் நின்று கொசு பெருகும். 2023 மே மாதம் சாக்கெட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, மழைக்கு மட்டும் ஓடும் இத்தகைய ஓடைகளுக்கு மத்திய அரசின் நீர்ப் பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலும் பொருந்துவதில்லை. மாநிலமும் நகராட்சியும் கொடுக்கும் காப்புதான் மிச்சம்.

'கள்ளிகளைத்தான் பெயர்த்து நடுகிறார்களே' என்று பதில் வரும். சகுவாரோவை வெட்டினால் சிறை என்று ஊரெல்லாம் பேச்சு. நடைமுறை அவ்வளவு கடுமை இல்லை. தன் நிலத்தில் உள்ளதை அகற்ற உரிமையாளர் மாநில விவசாயத் துறைக்கு முன்னறிவிப்பு கொடுத்தால் போதும்: ஒரு ஏக்கருக்குள் 20 நாள், 40 ஏக்கருக்குள் 30 நாள், அதற்கு மேல் 60 நாள். ஸ்காட்ஸ்டேல் நகரம் இதைவிடக் கண்டிப்பு. நான்கு அங்குலத் தண்டு உள்ள மரமும் மூன்றடிக் கள்ளியும் அங்கே காப்புப் பட்டியலில் வரும்.

பெயர்ப்பதிலும் முறை இருக்கிறது. சகுவாரோவின் வேர்கள் பெரும்பாலும் மேல் அரையடிக்குள் ஓடி, கள்ளி எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் பரவியிருக்கும். பெயர்க்கும்போது அதில் பெரும்பகுதி போய்விடும். தோண்டும் முன் தெற்குப் பக்கத்தைக் குறித்துக்கொண்டு அதே திசையில் நட வேண்டும். திருப்பி நட்டால் இதுவரை கடும் வெயில் படாத பக்கம் வெந்து மஞ்சளாகிப் புண்ணாகும். வெட்டிய வேர்களில் கந்தகத் தூள் தடவி உலரவிட வேண்டும். முன்பு இருந்த ஆழத்துக்கு மேல் ஓர் அங்குலமும் புதைக்கக் கூடாது. ஆழம் கூடினால் அடி அழுகும். எரு வேண்டாம், தோண்டிய மண்ணையே போட வேண்டும், நட்ட கையோடு தண்ணீர் ஊற்றக் கூடாது. கிளை விடாத, ஐந்தாறு அடி உயரக் கள்ளி நன்றாகப் பிழைக்கும். விளம்பரப் பலகைக்குப் பக்கத்தில் நட்டுவைக்கும், நாலு கிளை விரித்த கிழட்டுக் கள்ளிகளை நம்ப வேண்டாம். உள்ளே டன் கணக்கில் தண்ணீர் இருப்பதால் ஓரிரு ஆண்டு பச்சையாகவே நிற்கும். கட்டியவர் கணக்கை முடித்துப் போன பிறகு சாயும்.

பிழைத்தாலும் அது இனம் பெருக்குமா என்பது அடுத்த கேள்வி. சகுவாரோக் குஞ்சு முதல் எட்டு ஆண்டில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம்தான் வளரும். அதுவரை ஏதாவது பாலோ வெர்டே நிழலில் ஒதுங்கியிருக்க வேண்டும். ஜல்லி பரப்பிய முற்றத்தில் அந்த நிழலும் இல்லை, களை முளைக்காமல் தெளிக்கும் மருந்தில் விதையும் மிஞ்சாது. இரவு வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. கள்ளி இரவில்தான் மூச்சுத்துளையைத் திறக்கும். தாரும் கான்கிரீட்டும் பகல் சூட்டை இரவெல்லாம் கக்கினால் அதற்குத் தேறும் நேரமே கிடையாது. 2023 கோடையில் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. அப்போது நகருக்குள் இருந்த பழைய சகுவாரோக்கள் கிளை முறிந்து விழுந்தன.

நம் ஊர்க்காரர் ஒருவரும் இந்தக் கதையில் வில்லன். காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளில் மாடு மேயும் கொழுக்கட்டைப் புல்தான் அங்கே பஃபெல்கிராஸ். 1930களில் தீவனத்துக்கும் மண்ணரிப்பைத் தடுக்கவும் அரசே கொண்டுவந்தது. கிளறிய மண்ணும் சாலையோரமும் கிடைத்தால் போதும், குத்துக்குத்தாய்ப் பரவிவிடும். சோனோரன் பாலையில் செடிகளுக்கு இடையே வெற்றிடம் இருந்ததால் முன்பு தீ பரவாது. இந்தப் புல் அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. பற்றினால் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும், சகுவாரோ தாங்காது. அறுத்தால் மீண்டும் துளிர்க்கும் என்பதால், மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது கடப்பாரையால் வேரோடு நெம்பி, கதிரைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். விதை சில ஆண்டு மண்ணில் கிடக்கும், ஆகவே அடுத்தடுத்த மழைக்கும் போய்ப் பார்க்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, நம்மூரில் வசவு வாங்கும் சீமைக்கருவேலத்தின் உறவான மெஸ்கிட் அங்கே சொந்த மண்ணின் மரம், நட வேண்டிய மரம்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக. 1980 நிலத்தடி நீர்ச் சட்டப்படி, பீனிக்ஸ் வட்டாரத்தில் ஆறு மனையோ அதற்கு மேலோ பிரித்தால் நூறாண்டுக்குத் தண்ணீர் இருப்பதற்குச் சான்று காட்ட வேண்டும். 2023 ஜூனில் மாநில நீர்வளத் துறையின் கணிப்பு, நூறாண்டில் நிலத்தடி நீர் 48.6 லட்சம் ஏக்கர்-அடி (ஒரு ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர்தான் ஓர் ஏக்கர்-அடி), அதாவது தேவையில் சுமார் 4 சதவீதம் குறையும் என்றது. நிலத்தடி நீரை மட்டும் காட்டிப் புதுச் சான்று தருவது அப்போது நின்றது. ஐந்து மனைக்குள் பிரித்தால் இந்தச் சட்டம் தொடாது. அந்தச் சந்தில் புகுந்து வளர்ந்ததுதான் ரியோ வெர்டே ஃபூட்ஹில்ஸ் என்ற குடியிருப்புப் பகுதி; லாரித் தண்ணீரை நம்பியிருந்த வீடுகளுக்கு 2023 ஜனவரி 1 முதல் ஸ்காட்ஸ்டேல் நகரம் தண்ணீரை நிறுத்திவிட்டது.

ஆகவே அங்கே வீடு பார்க்கிறவர் கேட்க வேண்டியவை சில. மனையில் முழுவதையும் சமன்படுத்தினார்களா, வீடு நிற்கும் அளவுக்கு மட்டும் வேலி கட்டிக்கொண்டு மீதியைத் தொடாமல் விட்டார்களா? ஓடை பழைய வழியிலேயே போகிறதா? நூறாண்டுச் சான்று எந்தத் தண்ணீரைக் காட்டி வாங்கியது, ஆற்று நீரா, நிலத்தடி நீரா? முற்றத்து ஜல்லியின் ஓரத்தைக் கிளறிப் பாருங்கள்; அடியில் பிளாஸ்டிக் தாள் இருந்தால் முதல் வேலையாக அதை உருவி எறிய வேண்டும். மரம் வைக்கக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாளும் வற்றவில்லை என்றால் கெட்டிப் படுகையைத் துளைத்து இறக்கிவிட்டுத்தான் நட வேண்டும், இல்லாவிட்டால் பாலைவனத்தில் நட்ட மரம் வேரழுகிச் சாகும்.