ஆறடி ரேம்ப் காணுமா?

கேள்வி: வெள்ளவத்தையில வீட்டின்ட முன் ரூமை டிஸ்பென்சரியா மாத்துறம். வாசல்ல 3 படி, மொத்தம் 18 அங்குலம். "டிசேபிள் ரேம்ப் பெக்கேஜ்" என்டு ஒருத்தர் வந்து 6 அடி ரேம்ப், பளபள டைல்ஸ், ஒரு பக்கம் ஸ்டீல் கைபிடி, அதோட சேர்டிபிகேட்டும் தாறன் என்டுறார். காணுமா?

பதில்: காணாது. கணக்கு லேசு, 1 அங்குல உயரத்துக்கு 1 அடி நீளம், அப்ப உங்களுக்கு 18 அடி. 6 அடியில போட்டா அது ரேம்ப் இல்ல, சறுக்கி. வீல்செயார்ல வாறவர் தானா ஏறேலாது, தள்ளுற மகளுக்கு முதுகு போகும், இறங்கக்க இழுத்துக்கொண்டு போகும். "பின்னால ஒருத்தர் தள்ளுவார்தானே" என்டு பெக்கேஜ்காரர் சொல்லுவார். தனிய வாற ஆளுக்கு வருத்தம் வராதா?

இடமில்ல என்டுவீங்க. நேராத்தான் போட வேணும் என்டு யார் சொன்னது? பக்கச் சுவரோட 9 அடி ஏறி, மூலையில 5 அடிக்கு 5 அடி தட்டையான மேடை, அதில திரும்பி மிச்சம் 9 அடி. அகலம் 4 அடி. கதவுக்கு முன்னாலயும் அதே அளவு மேடை விடுங்க, இல்லாட்டி கதவைத் திறக்கக்க வீல்செயார் பின்னால உருளும். ஆனா ரேம்பின்ட வால் நடைபாதைக்கு நீட்டக் கூடாது, கொழும்பில கனபேர் செய்யிற வேலை இது, வெள்ளைப் பிரம்போட வாறவர் அதில தடக்குப்பட்டு விழுவார்.

பளபள டைல்ஸ் வேண்டவே வேண்டாம். சாம்பிள் ஒன்டை வாங்கி, தண்ணி ஊத்தி, ரப்பர் செருப்பைப் போட்டு உரசிப் பாருங்க, ஒரு நாள் மழையில என்ன நடக்கும் என்டு விளங்கும். சீமெந்தைப் பூசி, காய முதல் தும்புத்தடியால குறுக்க கோடு இழுத்தா காணும், அதில லாபம் இல்லாதபடியா யாரும் சொல்ல மாட்டாங்க. கைபிடி ரெண்டு பக்கமும் வேணும். படியையும் உடைக்காதீங்க, செயற்கைக் கால் போட்ட சில பேருக்குச் சரிவை விடப் படிதான் லேசு.

இனி அந்த ஆள் போன்ல ஒரு அமெரிக்க விதியைக் காட்டுவார், பழைய கட்டடத்தில இடமில்லாட்டி செங்குத்தாப் போடலாம் என்டு. உண்மைதான், ஆனா 3 அங்குலம் வரைக்கும் 1க்கு 8 (1 அங்குலம் ஏற 8 அங்குல நீளம்), 6 அங்குலம் வரைக்கும் 1க்கு 10, அவ்வளவுதான். அதாவது 6 அங்குலத்துக்கு 5 அடி. அப்ப 18ஐ மூன்டு 6ஆப் பிரிச்சுப் போடலாமே என்டு கேப்பார், கேக்கட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் இடையில 5 அடி மேடை வேணும், 15ஓட 10ஐக் கூட்டிப் பாருங்க, 25 அடி! ஒழுங்கா நேராப் போட்டா வாற 18ஐ விட நீளம்.

சேர்டிபிகேட்டை மடிச்சு அவரிட்டயே குடுங்க. கட்டடம் சரி என்டு எழுதித் தாறது மாநகர சபை, ரேம்ப் விக்கிறவர் இல்ல. மாற்றுத்திறனாளிகள்ட உரிமைக்கான சட்டம் 1996இல வந்தது, கட்டடங்களுக்கான ஒழுங்குவிதி 2006 ஒக்டோபரில, பழைய பொதுக் கட்டடங்களைத் திருத்த 3 வருஷம் தந்து, பிறகு அதையும் நீட்டி, வீல்செயார்ல இருந்த அஜித் பெரேரா வழக்குப் போட்டு 2011இல உச்ச நீதிமன்றமே உத்தரவு போட வேண்டி வந்தது. இன்னும் எத்தினை ஒபிஸில ரேம்பின்ட முடிவில ஒரு படி நிக்குது என்டு போய்ப் பாருங்க, எனக்குக் கதைச்சுக் கதைச்சு அலுத்துப் போச்சு.

கொட்டேஷன் எடுக்கக்க "ரேம்புக்கு எவ்வளவு" என்டு கேளாம, நீளம், அகலம், மேடை அளவை நீங்களே ஒரு தாளில எழுதி மூன்டு பாஸ்மாருக்குக் குடுங்க. பெக்கேஜ்காரருக்கு அட்வான்ஸ் குடுத்திட்டீங்க என்டா ரசீதைத் தேடி எடுத்து வையுங்க.